நிற்கிற கொல்லையைப் படம் எடுக்கக் கூடாது

என் ஆங்கிலத்தில் குறை இருந்ததாக நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குறை இருந்தது என் சூரிய அஸ்தமனத்தில்தான்.

தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். நரம்பே தட்டுப்படாத கைகளிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவேன். மற்ற வார்டுகளிலிருந்து என்னைத் தேடி ஆள் அனுப்புவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கடல் தாண்டி ஒரு மருத்துவமனை என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் அவர்கள் கேட்ட மதிப்பெண்ணை வாங்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் வாங்கிவிட்டேன். பேசுவதில் அரை மதிப்பெண் குறைந்தது. இன்னும் ஒரே ஒரு முறை முயற்சி செய்யுங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று கடிதம் வந்தது.

அந்த அரை மதிப்பெண் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பேச்சுத் தேர்வு பெங்களூரில் நடந்தது. சின்ன அறை, ஒரு மேசை, எதிரே தேர்வாளர், நடுவில் குரலைப் பதிவு செய்யும் கருவி. ஓர் அட்டையை நீட்டுவார்கள். அதில் இருக்கும் தலைப்பைப் பற்றி இரண்டு நிமிடம் விடாமல் பேச வேண்டும், பிறகு அதை ஒட்டிக் கேள்வி கேட்பார்கள். எனக்கு வந்த அட்டை, 'நீங்கள் போட்டோ எடுத்த ஓர் இயற்கைக் காட்சி'. எனக்கு ஒரே குஷி. நான் போன பயிற்சி வகுப்பில் கொடுத்த நோட்ஸில் இதே தலைப்புக்கு விடை இருந்தது. ஒகேனக்கல் அருவிக்குப் பின்னால் சூரியன் மறைகிறது, தண்ணீர் தங்கமாக உருகி ஓடுகிறது, அந்த அழகு 'பிரெத்டேக்கிங்', அதைப் படம் பிடித்து வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கடகடவென்று ஒப்பித்து முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தேர்வாளர் வயதானவர், முகத்தில் எதையும் காட்டாதவர். "உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். நோட்ஸில் அது இல்லை. எங்கள் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது செத்துப்போன மாமனாரின் படம் ஒன்றுதான், அதற்கு மாலையும் போட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாமனார்தான் கண் முன்னால் வந்து நின்றார். "ரொம்ப நல்ல மனிதர் என்று சொல்வார்கள்" என்றேன். "அருவியையா?" என்றார் அவர். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை என் கணவர் வழக்கம்போல என்னை வண்டியின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கொல்லையில், அதாவது எங்கள் மேட்டு நிலத்தில், தக்காளி போடுகிறவர் அவர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அத்தை மகனையே கட்டிக்கொண்டதால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற கால் மணி நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசிக்கொள்ளும் நேரம்.

"அந்த பதில எனக்கு ஒருக்கா சொல்லு புள்ள" என்றார்.

"உங்களுக்கு என்னா மாமா புரியப்போவுது?"

"நீ சொல்லு. நான் கேக்கறன்."

அவர் முதுகைப் பார்த்து ஒகேனக்கல் அஸ்தமனத்தை முழுசாகச் சொன்னேன். அவர் வண்டியை மெதுவாக்கினார்.

"இது நீ பேசல. யாரோ பேசறாங்க."

"இங்கிலீசு தெரியாம எப்படிச் சொல்றீங்க?"

"நீ நெஜமா பேசறப்ப என் தோளப் புடிச்சு உலுக்குவ. ஆஸ்பத்திரில சண்ட போட்ட கதன்னாலும் உலுக்குவ, பஸ்ஸ உட்டுட்ட கதன்னாலும் உலுக்குவ. வண்டியே ஆடும். இப்ப கை அசையவே இல்ல. மடியில வெச்சிக்கிட்டு பேசற."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் டிபன் பையின் மேல் பூஜைக்கு உட்கார்ந்தவள் கைகள் மாதிரி இருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏழு வருட நர்ஸுக்கு, ஒரு வரி ஆங்கிலம் தெரியாதவர் மதிப்பெண் போடுகிறார். பஸ் வரும்வரை அவரோடு பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன், அதுவும் மனதுக்குள்ளே.

அடுத்த நாளிலிருந்து எங்கள் பயிற்சி வண்டியில் நடந்தது. கேள்விகளைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். தோள் ஆடினால் தேறியது. ஆடாவிட்டால், தக்காளியைத் தரம் பிரிக்கும்போது சொல்கிற அதே சொல்லைச் சொல்வார்: "கழிவு."

'பயணம் போகும்போது ஜன்னல் வழியாக இயற்கைக் காட்சிகளைப் பார்ப்பீர்களா?' நோட்ஸ் விடை: ஆம், நான் இயற்கையின் தீவிர ரசிகை. கழிவு. என் விடை: இல்லை, நைட் டியூட்டி முடித்து வருகிறவள் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன், இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சி முன் சீட்டின் கம்பிதான், அதன் அச்சு வீட்டுக்கு வரும்வரை நெற்றியில் இருக்கும். அன்று வண்டி ஆடியது. 'பிரெத்டேக்கிங்' என்ற சொல்லையும் அந்த வாரமே தூக்கி எறிந்தேன். மூச்சு நின்றுபோனவர்களை அடிக்கடி பார்க்கிற எனக்கு, மூச்சை நிறுத்துகிற அழகு என்று வாய் கூசாமல் எப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை.

'எந்த மாதிரிப் படங்கள் எடுப்பீர்கள்?' இதற்காக என் போனை முழுக்கப் புரட்டினேன். மருந்துச் சீட்டு, கரண்டு மீட்டர், டியூட்டி பட்டியல், பஸ் நேரப் பலகை, அத்தையின் மூக்குக் கண்ணாடியின் பவர் எழுதிய தாள், கடையில் பிடித்துப்போய் வாங்காமல் வந்த இரண்டு புடவை. காட்சி என்று சொல்ல ஒரு மரம்கூட இல்லை. நோட்ஸை நம்பிய காலமாக இருந்தால் மறைத்திருப்பேன். இப்போது அதையே பதிலாக்கினேன். அழகாக இருப்பதை நான் எடுப்பதில்லை, மறந்துவிடுவேனோ என்று பயப்படுவதை எடுக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார் அவர். ஏன் என்று சொன்னேன். எப்ப என்றார். எப்போது என்று சொன்னேன். அப்புறம் என்னா ஆச்சு என்றார். புரியாத மொழியில் வருகிற பதிலுக்கு விடாமல் இப்படிக் கேள்வி கேட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு வரியில் முடிகிற என் பதில்கள் இரண்டு நிமிடத்துக்கு நீண்டது அந்த மூன்று கேள்விகளால்தான்.

ஒன்று மட்டும் இடித்தது. அதே அட்டை திரும்ப வந்தால்? நான் எடுத்த இயற்கைக் காட்சி என்று கையில் ஒன்றாவது இருக்க வேண்டாமா? எடுத்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

தை மாதம், விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எங்கள் கொல்லையில் தக்காளிச் செடிகள் குச்சியில் கட்டி இடுப்பு உயரம் நின்றன. காய் கொத்துக் கொத்தாகத் திரண்டு அங்கங்கே நிறம் திரும்பியிருந்தது. இன்னும் முதல் பறிப்பு ஆகவில்லை. பின்னால் மலை பாதிவரை பனிக்குள் இருந்தது. தினமும் பார்க்கிற இடம்தான், ஆனால் அன்று கை தானாகப் போனை எடுத்தது. ஒரே ஒரு படம். நன்றாகவே வந்திருந்தது. பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்தில் பயிர் எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான், "ஏதோ இருக்குதுங்க." செடி தாங்காமல் காய்த்திருந்தாலும் ஏதோதான். கொல்லை ஓரத்தில் புள்ளி வைத்த பானையைக் கவிழ்த்து வைப்பது எதற்கு? பார்க்கிறவர் கண் முதலில் அதில் விழட்டும் என்றுதானே. போட்டோவுக்கும் அதே சட்டம். முதல் பறிப்புக்கு முன்னால் நிற்கிற கொல்லையைப் படம் எடுக்கக் கூடாது. பறித்து, பெட்டியில் போட்டு, வண்டியில் ஏற்றிய பிறகு எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும். என் கணவர் லோடு ஏற்றியதும் நாலு அடி பின்னால் நகர்ந்து, முன்பக்கம் ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுப்பார். பாலக்கோட்டு மண்டிக்காரருக்கு அனுப்பி அதற்குக் கீழே ஒரு சொல் மட்டும் எழுதுவார்: 'ஏத்தியாச்சு'. சரக்கு போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து பதில் வரும்: 'வந்துருச்சு. அடி இல்ல.' தக்காளி நசுங்காமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன், ஏனென்றால் அரை மதிப்பெண் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அன்று மதியத்துக்குள் உறவில் பாதிப் பேர் அவருக்குப் போன் செய்துவிட்டார்கள். காய்ப்பு பலம் போலிருக்குதே, எந்த விதை, எந்த மருந்து? எல்லாருக்கும் அவர் ஏதோ இருக்குதுங்க என்றே சொல்லியிருக்கிறார், படம் கண்ணெதிரே இருக்கும்போது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வண்டியோடு நின்றார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"அழிச்சிட்டன் மாமா" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். அடுத்த மூன்று நாளும் என்னைக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானாகவே கேள்வி கேட்டு நானாகவே பதில் சொல்லிக்கொண்டு போனேன். தோளை உலுக்கினேன், அந்தத் தோள் கட்டை மாதிரி இருந்தது. அந்த மூன்று நாள் எனக்கு நிஜமாகவே வலித்தது.

நாலாம் நாள் முதல் பறிப்பு. காய் குறையவில்லை, பூச்சி விழவில்லை, ஒரு கெடுதலும் நடக்கவில்லை. லோடு போனதும் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டது இல்லை.

"பாத்தீங்களா மாமா? போட்டோ எடுத்தா என்னா ஆயிடுச்சு?"

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஆவுதா ஆவலியாங்கறது பேச்சு இல்ல. நிக்கிற வரைக்கும் அது நம்பளுது இல்ல புள்ள. மழயுது, காத்துது, பூச்சியுது. வண்டியில ஏறுனாத்தான் நம்பளுது. நம்பளுது இல்லாதத என்னுதுன்னு ஊருக்கு காட்டிட்டியே."

எனக்குப் பட்டென்று வார்டு நினைவுக்கு வந்தது. இன்று வார்டு அமைதியாக இருக்கிறது என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். புதிதாக வந்த பெண் யாராவது சொல்லிவிட்டால் எல்லாருமாகச் சேர்ந்து அவளை முறைப்போம். நோயாளி தேறிவிட்டார் என்று அவர் கேட்டைத் தாண்டும்வரை சொல்ல மாட்டோம். நானும் நிற்கிற கொல்லையைத்தான் ஏழு வருடமாகக் காவல் காத்திருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். மறுநாள் வண்டியில், "சரி, ஜன்னல் வழியா என்னா பாப்ப, சொல்லு" என்று பழையபடி ஆரம்பித்தார்.

இரண்டாவது தேர்வுக்கும் பெங்களூர்தான். இந்த முறை தேர்வாளர் ஒரு பெண். எனக்கு வந்த அட்டை அதே அட்டை இல்லை. 'உங்களுக்குப் பிடித்த, நீங்கள் எடுத்த ஒரு போட்டோ.' கேள்வி கொஞ்சம் நகர்ந்திருந்தது, நானும் நகர்ந்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த போட்டோ இப்போது என்னிடம் இல்லை, நானே அழித்துவிட்டேன் என்று தொடங்கினேன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். தக்காளியைச் சொன்னேன், மலையைச் சொன்னேன், பானையைச் சொன்னேன், மூன்று நாள் பேசாத முதுகைச் சொன்னேன். நடுவில் ஒரு சொல் கிடைக்கவில்லை. நிற்காமல் அதைச் சுற்றி வேறு வழியில் போனேன். கருவி லேசாக நகர்வதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மேசையின் விளிம்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்கள் கணவர் சொன்னது சரி என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"கண் படும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவர் சரி" என்றேன். வார்டு கதையைச் சொன்னேன். அந்தப் பெண் எதையோ கேட்க வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது என்றார். அவருக்கு இன்னும் கேட்க ஆசை இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளியே வந்ததும் என் கணவருக்குப் போன் செய்து, "மேச ஆடிச்சு மாமா" என்றேன். "அப்ப தேறிடுச்சு" என்றார்.

தேறியது. அவர்கள் கேட்டதற்கு மேல் அரை மதிப்பெண் கூடவே வந்தது. மருத்துவமனையில் கேக் வாங்கி வைத்து, கையில் மதிப்பெண் தாளோடு நிற்கச் சொல்லிப் போனைத் தூக்கினார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் மாமா காலையிலேயே தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார், "போட்டோ கீட்டோ இப்ப வாணாம் புள்ள. விசா வரட்டும்." விசா வந்தது. டிக்கெட் வரட்டும் என்றார். டிக்கெட் வந்தது. அப்போதும் யாராவது, "உங்க வூட்டுக்காரம்மா வெளிநாடு போறாங்களாமே?" என்றால், "ஏதோ சொல்லிக்கிட்டு இருக்காங்கங்க" என்றே பதில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஒரு ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாதா? பிறகு ஒருநாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது, இந்த வருடம் அவர் காவல் காக்கிற கொல்லை நான்தான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்துக்கு அவர் மட்டும் கூட வந்தார். ஆறு மாதம் போனால் அவரும் வரலாம் என்று விதி இருந்தது. தக்காளியை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. நான் பாஸ்போர்ட்டைக் காட்டி வாசலைத் தாண்டினேன், அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"புள்ள, கொஞ்சம் திரும்பு."

திரும்பினேன். போனை எடுத்து, நாலு அடி பின்னால் நகர்ந்தார். முன்பக்கம் ஒன்று எடுத்தார். கையால் சைகை காட்டி என்னைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார். பெட்டிகள் இரண்டும் படத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னைப் படம் எடுத்தது அதுதான் முதல் தடவை. கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

உள்ளே வரிசையில் நிற்கும்போது போன் சத்தம் கேட்டது. எங்கள் குடும்பக் குரூப்பில் அந்த இரண்டு படங்களும் வந்திருந்தன. கீழே ஒரே ஒரு சொல்: 'ஏத்தியாச்சு'. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தள்ளினேன்.

இங்கே வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பதில் போட்டேன். 'வந்துருச்சு. அடி இல்ல.' அதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி கழிவு என்று அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார், என் கை அவர் தோளில் இல்லையே.